சுழன்றும் கிளம்பாத ஆயில் எஞ்சின்

நிலக்கடலை விழுது இறங்கும் பருவத்திலும், வாழை குலை தள்ளும் பருவத்திலும் கிணற்றடியில் எஞ்சின் கிளம்பாமற் போவதைப்போல் விவசாயிக்குச் சங்கடம் தருவது வேறொன்றில்லை. கைப்பிடியைப் பூட்டிச் சுழற்றினால் பெருஞ்சக்கரம் தங்குதடையின்றிச் சுழல்கிறது. ஆனால் வெடி மட்டும் கேட்பதில்லை. வீட்டிலுள்ள ஆண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் சுழற்றிக் களைத்துப் போகிறார்கள். பிறகு ஆள் அனுப்பி மிஸ்திரி வரவழைக்கப்படுகிறார், ஹெட் கழற்றப்படுகிறது, பிஸ்டன் வெளியே வருகிறது, இரண்டு மூன்று நாட்களும் கணிசமான ரொக்கமும் செலவாகிவிடுகின்றன. சுழன்றும் கிளம்பாத எஞ்சின்களில் பெரும்பாலானவற்றிற்கு ஹெட்டைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை என்பதையும், திறக்கவேண்டியது எது, வேண்டாதது எது என்பதை விவசாயி தாமே அரைமணி நேரத்தில் பிரித்தறியக்கூடும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருவண்ணாமலைப் பக்கத்தில் ஒரு நிலக்கடலைத் தோட்டத்தில் நேர்ந்ததை இங்கு குறிப்பிடுவது உபயோகமாயிருக்கும். அங்கிருந்த 5 குதிரைச் சக்தி டீசல் எஞ்சின் கால்மணி நேரம் நன்றாய் ஓடும். பிறகு மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றுவிடும். அதன்பின் எவ்வளவு சுழற்றினாலும் கிளம்பாது. ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று தீர்மானித்துப் புதிய ரிங்குகள் போடப்பட்டன. வால்வுகள் தேய்த்து உட்காரவைக்கப்பட்டன. வேலை முடிந்து டீசல் ஊற்றிச் சுழற்றியதும் எஞ்சின் கிளம்பிற்று. அந்தப் பெருமை ரிங்குகளுக்குப் போயிற்று. கால்மணியில் மறுபடியும் நின்றது. நான்காம் நாள், டேங்கில் எவ்வளவு டீசல் மீதியிருக்கிறதென்று குச்சி விட்டுப் பார்ப்பதற்காக ஒருவர் மூடியைத் திருகியபோது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டது. மூடியிலுள்ள சிறு துவாரத்தைக் குளவி மண்ணால் அடைத்துக் கூடு கட்டியிருந்தது. டீசல் இறங்க இறங்க அதன் இடத்தை நிரப்பக் காற்று புக வழியில்லாமையால் டீசல் நின்றுபோயிற்று. டீசல் ஊற்றும்போதெல்லாம் மூடி திறக்கப்பட்டதால் எஞ்சின் சிறிது நேரம் ஓடியது. ஒரு துடைப்பக் குச்சியால் தீரவேண்டிய நோய்க்கு ரிங்கு விலையும் நான்கு நாள் பாய்ச்சலும் பலியாயின.

நோயைக் கண்டறியவேண்டுமானால் முதலில் எஞ்சின் எவ்வாறு உயிர் பெறுகிறது என்று தெரிந்திருக்கவேண்டும். கவலையும் ஏற்றமுமே வழங்கிவந்த சென்னை மாகாணத்தில், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி எஞ்சினும் பம்பும் வைத்து நீர் இறைக்கும் முறையைப் பரப்ப முயன்றார். பின்னர் வழக்கத்திற்கு வந்த டீசல் எஞ்சினுக்கு அப்பெயர் அதைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியரிடமிருந்து வந்தது. அவர் 1893-ல் உரிமை பெற்று, 1897-ல் நன்கு ஓடும் எஞ்சினை ஔக்ஸ்பர்க் நகரில் நடத்திக் காட்டினார். அதில் நெருப்புப் பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை யாவரும் அறிவர். அதுபோலவே சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றை பிஸ்டன் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு அல்லது பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. ஓடுகின்ற எஞ்சினில் அக்காற்றின் உஷ்ணம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போய்விடுகிறது. அந்தக் கணத்தில் நாசில் வழியாக டீசல் புகைபோல் தூவப்பட்டால் அது தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே வேண்டியவை இரண்டே: நன்றாய் அமுக்கப்பட்ட காற்று, சமயத்தில் நன்றாய்த் தூவப்பட்ட டீசல். சுழன்றும் கிளம்பாத டீசல் எஞ்சினில் இவ்விரண்டில் ஒன்று குறைந்திருக்கிறது. எது குறைந்தது என்று தெரியுமுன் ஸ்பானரை எடுப்பது வீண்.

கைப்பிடியைத் தொடுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த எஞ்சின் கடைசியாக எப்படி நின்றது? வேகம் ஏறியும் இறங்கியும் தள்ளாடி நின்றிருந்தால் டீசல் வரத்தில் குறை. டேங்கு வற்றி நின்றிருந்தாலும், வடிகட்டியை யாரேனும் கழற்றிச் சுத்தம் செய்திருந்தாலும் குழாயில் காற்றுப் பிடித்திருக்கும். நேற்று மாலை வழக்கம்போல் நிறுத்தி இன்று காலை கிளம்பவில்லையென்றால், பெரும்பாலும் நிறுத்தும் லீவர் ஓடும் நிலைக்குத் திருப்பப்படவில்லை, அல்லது இரவில் எங்கோ கசிந்து காற்று ஏறிவிட்டது. பெரிய ஓசையுடன் திடீரென்று நின்றதானால் மட்டும் சுழற்றவே கூடாது. உள்ளே ஏதேனும் ஒடிந்திருக்கலாம். எஞ்சின் ஓட்டும் ஆளைக் கோபித்துக்கொள்ளாமல் விசாரித்தால்தான் இதற்கு உண்மையான பதில் கிடைக்கும். அதட்டிக் கேட்டால் "தானாகவே நின்றுவிட்டது" என்ற பதில்தான் வரும்.

அடுத்து, காசு செலவில்லாத சோதனைகள். டேங்கில் டீசல் இருக்கிறதா, மூடியின் துவாரம் திறந்திருக்கிறதா, டேங்கின் அடியிலுள்ள குழாய் திருப்பப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நிறுத்தும் லீவரையும், பம்பிலுள்ள ராக் என்னும் பற்சட்டத்தையும் விரலால் அசைத்துப் பார்க்கவேண்டும். மழைக்காலம் முழுதும் ஓடாமல் கிடந்த எஞ்சினில் ராக் துருவேறி டீசல் விடாத நிலையில் ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு. அப்படியாயின் எவ்வளவு சுழற்றினாலும் பயனில்லை. காற்று இழுக்கும் வடிகட்டியைக் கழற்றி, அது தூசியாலும் வைக்கோல் துரும்பாலும் அடைந்திருக்கிறதா, புகைக்குழாயில் குளவிக்கூடோ அணில் கூடோ இருக்கிறதா என்று நோக்கவேண்டும்.

சுழற்றும் முறையிலும் கவனம் வேண்டும். அமுக்கத்தைத் தளர்த்தும் லீவரைத் தூக்கிவிட்டு, சக்கரம் நல்ல வேகம் பெறும்வரை சுழற்றி, பிறகே லீவரை விடவேண்டும். வேகம் பிடிக்குமுன் விட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு; மெதுவாய் அமுக்கப்படும் காற்றின் சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும். கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாய் வைத்துக்கொள்ள வேண்டும். எதிர்த்து உதைத்தால் கை தானே விடுபடும். மேல்துண்டை அவிழ்த்து வைத்துவிட்டு, வேட்டியை மடித்து இறுகக் கட்டியபிறகே சக்கரத்தின் அருகில் நிற்கவேண்டும்.

இப்போது புகைக்குழாயைக் கவனிக்க. எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை இதுவே. ஒருவர் சுழற்றி லீவரை விடும்போது மற்றொருவர் குழாயின் வாயைப் பார்க்கவேண்டும். டீசல் நாற்றமுள்ள வெண்புகை வந்தும் வெடி இல்லையெனில், டீசல் உள்ளே போகிறது. ஆனால் அதைப் பற்றவைக்கும் சூடு இல்லை. இது அமுக்கக் குறை. அல்லது டீசலில் ஜலம், அல்லது பம்பின் சமயம் தவறியிருத்தல். புகையே இல்லையெனில் டீசல் சிலிண்டரை எட்டவில்லை. புகை வராத எஞ்சினின் ஹெட்டைக் கழற்றுவது, வாய்க்காலில் தண்ணீர் வராததற்கு வயலை உழுவதைப் போன்றதாம்.

புகை இல்லாத வகையே அதிகம் என்பதால் அதை விரிவாய்ப் பார்ப்போம். டீசல் செல்லும் வழி டேங்கு, வடிகட்டி, பம்பு, கெட்டிக் குழாய், நாசில் என்ற வரிசையில் இருக்கிறது. நீர் வராத வாய்க்காலை மடையிலிருந்து பார்த்துக்கொண்டு வருவதுபோல், டேங்கிலிருந்தே தொடங்கி ஒவ்வொரு இடமாய்ப் பார்க்கவேண்டும். நடுவில் தொடங்கக் கூடாது. முதலில் டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் டீசல் பிடித்துக் கால்மணி நேரம் அசைக்காமல் வைக்கவேண்டும். டீசல் ஜலத்தைவிட லேசானதாகையால், கலந்திருக்கும் ஜலம் அடியில் தனியே கோடுகட்டி நிற்கும். டின்னைத் திறந்தபடி மழையில் வைத்தவர்களுக்கும், பாதி டேங்குடன் பல மாதம் எஞ்சினை விட்டவர்களுக்கும் இது நேரிடும். ஜலம் கண்டால் டேங்கை முழுதும் வடித்துவிட்டே மேற்கொண்டு செல்லவேண்டும்.

பிறகு வடிகட்டிக்கு வரும் குழாயின் நட்டைத் தளர்த்தினால் டீசல் தாராளமாய் ஓடவேண்டும். சொட்டினால் டேங்கின் வாயிலோ குழாயிலோ அடைப்பு. இங்கு நன்றாய் ஓடி, வடிகட்டிக்கு அப்பால் சொட்டினால் வடிகட்டி அடைந்திருக்கிறது. காகித வடிகட்டியை மண்ணெண்ணெயில் கழுவி மறுபடி போடுவது சிக்கனம் போலத் தோன்றினாலும், கழுவியதில் கிழிந்த காகிதம் மண்ணை நேரே பம்புக்குள் விட்டுவிடும். புதியது போடுவதே லாபம்.

அடுத்தது காற்றுப் பிடித்தல். ஜலமோ டீசலோ அமுக்கினால் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் ஒரு சிறு காற்றுக் குமிழி இருந்தாலும் பம்பின் தள்ளலெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய், நாசில் திறப்பதில்லை. காற்றை எடுப்பதற்கு வடிகட்டியின் தலையிலுள்ள சிறு திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தவேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாய் வரும். குமிழி அற்றுக் கெட்டித் தாரையாய் வரும்போது, தாரை ஓடிக்கொண்டிருக்கையிலேயே திருகை இறுக்கவேண்டும். பம்பிலுள்ள திருகிலும் அவ்வாறே. கடைசியாக நாசில் பக்கத்தில் கெட்டிக் குழாயின் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைச் சுழற்றி, டீசல் பீறிடக் கண்டதும் இறுக்கிவிட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் முன்னே எடுத்த காற்று பின்னே திரும்ப வரும். எடுத்த மறுநாளே மீண்டும் காற்றுப் பிடித்தால் எங்கோ ஒரு வாஷர் நசுங்கியிருக்கிறதென்று அறியவும். தினந்தோறும் காற்று எடுத்துக்கொண்டிருப்பது வைத்தியமாகாது.

இனிக் காதுக்கு வேலை. பல எஞ்சின்களில் பம்பைக் கையால் இயக்க ஒரு சிறு லீவர் உண்டு. அதை அசைக்கும்போது கை கனமாய் உணர, நாசிலிலிருந்து 'கிர்க், கிர்க்' என்ற ஓசை வந்தால் பம்பும் நாசிலும் நலமாயிருக்கின்றன. லீவர் மெத்தென்று இறங்கினால் இன்னும் காற்று இருக்கிறது, அல்லது பம்பு தேய்ந்திருக்கிறது. கை கனத்தும் ஓசை வராவிட்டால் நாசில் அடைந்துவிட்டது. இந்த ஓசையை எஞ்சின் நன்றாயிருக்கும் நாளிலேயே கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும். கெட்டபிறகு கேட்டால் வேற்றுமை தெரியாது.

ஓர் எச்சரிக்கை. நாசிலை வெளியே எடுத்து அது தூவுவதைப் பார்க்கும்போது எக்காரணம் கொண்டும் கையை அதன் முன்னே நீட்டக்கூடாது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். மேலே ஊசி குத்தியதுபோன்ற புள்ளி மட்டுமே தெரியும். வலியும் முதலில் அதிகமிராது. உள்ளே சதை அழுகி விரலையோ கையையோ எடுக்கவேண்டிய நிலை வரலாம். அவ்வாறு நேர்ந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு காத்திராமல் அந்த மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குச் சென்று, டீசல் உள்ளே பாய்ந்ததென்று டாக்டரிடம் தெளிவாய்ச் சொல்லவேண்டும்.

வெண்புகை வந்தும் கிளம்பாத எஞ்சினில் முதலில் மேற்சொன்ன டம்ளர் சோதனையால் ஜலமில்லை என்று நிச்சயித்துக்கொண்டு, பிறகு அமுக்கத்தைச் சோதிக்கவேண்டும். டீசல் விடும் லீவரை நிறுத்தும் நிலையில் வைத்துவிட்டு, அமுக்கத் தளர்ச்சி லீவரையும் இறக்கிவிட்டு, பெருஞ்சக்கரத்தைக் கையால் மெதுவாய்ச் சுற்றினால் ஓரிடத்தில் எதிர்த்துத் தள்ளவேண்டும். விட்டால் ஊஞ்சல்போல் பின்னுக்கு வரவேண்டும். அப்படியின்றி 'புஸ்' என்று தளர்ந்து போகுமாயின் காற்று தப்பும் இடத்தைக் காதால் தேடலாம். காற்று வடிகட்டியின் பக்கம் ஓசை கேட்டால் உள்ளிழுக்கும் வால்வு. புகைக்குழாயில் கேட்டால் வெளிவிடும் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்குகள். ஹெட்டும் சிலிண்டரும் சேருமிடத்தில் சோப்பு நீர் தடவிக் குமிழி வந்தால் கேஸ்கட்.

வால்வு என்று கண்டவுடன் தேய்க்க ஓடவேண்டாம். டாப்பெட் இடைவெளி இல்லாமற் போயிருந்தால் வால்வு சற்றே திறந்தபடி நிற்கும். எஞ்சினுடன் வந்த புத்தகத்தில் கண்ட அளவுக்கு இடைவெளி வைத்தாலே அமுக்கம் திரும்பிவிடும். நீண்டநாள் ஓடாத எஞ்சினில் வால்வின் தண்டு பிசின்பிடித்துச் சிக்கிக்கொண்டிருக்கும். கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் தட்டிக்கொடுத்தால் விடுபடும். ரிங்கு என்று ஐயம் ஏற்பட்டால் காற்று இழுக்கும் வாய் வழியாக எஞ்சின் ஆயில் ஒரு தேக்கரண்டி மட்டும் விட்டுச் சில சுற்றுகள் சுற்றிப் பார்க்கவேண்டும். அமுக்கம் உடனே கூடினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்ததென்று ஏறக்குறைய நிச்சயம். அப்போதுதான், அப்போது மட்டுமே, ஹெட்டைக் கழற்றுவதற்கு நியாயமுண்டு. அளவுக்கு மேல் ஆயில் விடக்கூடாது; ஆயில் சுருங்காத பொருளாகையால் பிஸ்டன் மேலேறும்போது முட்டி இணைப்புத் தண்டு வளைந்துவிடும்.

கிளம்பாத எஞ்சினின் காற்று வாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. எஞ்சின் ஒருமுறை பலமாய் வெடித்துக் கிளம்புவது உண்மைதான். அந்த ஒரு வெடியில் ரிங்கு ஒடிவதும், துணியில் தீப்பிடித்துக் கை வேகுவதும் உண்டு. நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் விடியற்காலையில் எஞ்சின் மறுத்தால், சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்ப்பகுதியில் வெந்நீர் ஊற்றிச் சற்று நேரம் விட்டுச் சுழற்றுவதே ஆபத்தில்லாத வழி.

டிராக்டரிலும் இதே நியாயம்தான். வேற்றுமை என்னவெனில், அதைச் சுழற்றுவது பாட்டரி. சோர்ந்த பாட்டரி எஞ்சினைச் சுழற்றும், ஆனால் சூடேறும் வேகத்தில் சுழற்றாது. கேட்பவர் சுழல்கிறதே என்று வேறெங்கோ நோயைத் தேடுவார். ஒருமுறைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் சுழற்றாமல், நடுவில் அரை நிமிஷமாவது ஓய்வு கொடுக்கவேண்டும். நிறுத்தும் குமிழ் வெளியே இழுத்தபடி இருக்கிறதா என்பதை முதலில் நோக்குக. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் சிறு பம்புள்ள எஞ்சின்களில், அதற்கு முன்னுள்ள குழாயில் பழுதிருந்தால் டீசல் வெளியே ஒழுகாது. காற்றுதான் உள்ளே போகும். வெளியே ஈரமில்லை என்பதால் அங்கே பழுதில்லை என்று எண்ணிவிடக்கூடாது.

வாய்க்காலிலிருந்து நீர் இறைக்கப் பயன்படும் பெட்ரோல்-மண்ணெண்ணெய் எஞ்சின்களுக்குத் தனியே ஒரு குணம் உண்டு. இவை பெட்ரோலில் கிளம்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடுபவை. மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டால் கார்புரேட்டர் கிண்ணத்தில் அதுவே தங்கி, குளிர்ந்தபின் சுழற்றினால் கிளம்பாது. கிண்ணத்தை வடித்துப் பெட்ரோல் வந்தவுடன் கிளம்பும். நிறுத்துவதற்குச் சில நிமிஷம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றிவிட்டால் இத்தொல்லையே இல்லை. இவற்றில் பிளக்கின் பொறி அவசியம். சுழற்றியபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது உலர்ந்திருப்பின் எண்ணெய் வரவில்லை. நனைந்திருப்பின் எண்ணெய் அதிகமாகிவிட்டது, அல்லது பொறி இல்லை. பிளக்கைத் துடைத்து, அதன் உடலை எஞ்சினின் இரும்பில் ஒட்டவைத்துச் சுழற்றிப் பொறியைப் பார்க்கலாம். சிந்திய பெட்ரோலுக்கு அருகில் இதைச் செய்யவேண்டாம். பெட்ரோலில் ஓடும் காருக்கும் ஜீப்புக்கும் எண்ணெயா, பொறியா என்ற அதே கேள்விதான் முதற் கேள்வி.

பஞ்சாயத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் உரிய எஞ்சின்கள் பல கைகளில் ஓடுவதால், கடைசியாக எப்படி நின்றது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளிருப்பதில்லை. கிராம அதிகாரிகள் எஞ்சின் அறையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கயிற்றில் கட்டி வைத்து, ஓட்டியவர், ஓடிய மணி, நின்ற விதம், வடிகட்டி மாற்றிய தேதி ஆகியவற்றை எழுதிவரச் செய்யலாம். மிஸ்திரி வந்தவுடன் அவரிடம் முதலில் அதைக் கொடுக்கவேண்டும்.

மேற்கண்ட சோதனைகளில் நாசிலோ பம்போதான் பழுதென்று தெரிந்தால், அவற்றைக் கிணற்றடியில் பிரிக்காமல் சோதனைக் கருவியுள்ள பம்பு வேலைக் கடைக்கு எடுத்துச் செல்லவேண்டும். பம்பின் பிளஞ்சரும் அதன் உறையும் ஒன்றுக்கொன்று ஜோடியாய் இழைக்கப்பட்டவை. ஒன்றின் பிளஞ்சர் மற்றொன்றின் உறைக்குப் பொருந்தாது. பம்பைக் கழற்றுமுன் அதன் அடியிலுள்ள மெல்லிய தகடுகள் எத்தனை என்று எண்ணி, அவற்றையும் ஒரு பொட்டலமாய்க் கட்டி வைக்கவேண்டும். டீசல் தூவும் சமயத்தை நிர்ணயிப்பவை அவையே. குழாய் வாய்களையும் நாசிலின் முனையையும் சுத்தமான துணியால் மூடிக் கட்டி, பஸ்ஸிலோ வண்டியிலோ தூசி படாமல் கொண்டுபோகவேண்டும். எஞ்சினில் திறந்தபடி நிற்கும் துவாரங்களுக்கும் துணி வைத்து அடைத்துவிட்டுப் போவது நல்லது. குளவி அங்கும் வரும்.